சிறிய வீடும் சுவரின் நிறமும்

எலி வளையானாலும் தனி வளை வேண்டும் என்பது தமிழர் நாவிற் பழகிய முதுமொழி. வளை சிறிதாயிருப்பதைப் பற்றி அம்மொழி குறைகூறவில்லை. அது தனக்கென்று இருக்க வேண்டும் என்பதையே வற்புறுத்துகின்றது. இலங்கையிலே அத்தகைய சிறிய, ஆயினும் தனக்கென்று வாய்த்த வளைகள் அண்மைக் காலத்திலே பல எழுந்துள்ளன. போர் ஓய்ந்தபின், 2010 ஆம் ஆண்டில் இந்திய அரசினால் அறிவிக்கப்பட்ட 50,000 வீடுகளைக் கொண்ட திட்டத்திலே 46,000 வீடுகள் வடக்கு கிழக்கு மாகாணங்களுக்கு ஒதுக்கப்பட்டன. மலையகத் தோட்டங்களுக்கும் ஒரு பகுதி ஒதுக்கப்பட்டது. அவ்வீடு ஒவ்வொன்றும் ஏறத்தாழ 550 சதுர அடி பரப்புடையது. இரண்டு படுக்கையறைகள், ஒரு முன் அறை, ஒரு சமையலறை, இவற்றுள் ஒரு குடும்பத்தின் பிறப்பும் படிப்பும் நோயும் விருந்தும் அடங்கிவிட வேண்டும்.

சுவர் எழுந்து, கூரை போட்டு, கதவும் யன்னலும் பொருத்தியபின் வீட்டுக்காரர் முன் வந்து நிற்கும் கேள்வி ஒன்றுண்டு. சுவருக்கு என்ன நிறம் பூசுவது? பெரிய மாளிகைக்காரருக்கு இது பொழுதுபோக்கான கேள்வி. ஓர் அறை பிடிக்காவிட்டால் வேறோர் அறையில் இருந்துகொள்வர். அடுத்த ஆண்டில் மாற்றியும் பூசுவர். சிறிய வீட்டுக்காரருக்கோ ஒருமுறை பூசியது ஐந்தாறு ஆண்டுகள் கண்முன் நிற்கும். செலவிட்ட பணமும் திரும்பி வராது. ஆதலின், சிறிய வீட்டின் நிறத்தைப் பற்றிச் சிறிது ஆழ்ந்து சிந்திப்பது ஆடம்பரமன்று; சிக்கனத்தின் பாற்பட்டதே.

இன்று பலரும் விரும்பிக் கேட்கும் நிறம் பீச்சு நிறம். நிறங்களுக்கு எண்ணும் பெயரும் வகுத்து உலகெங்கும் வழங்கும் பான்டோன் நிறுவனம், 2024 ஆம் ஆண்டிற்குரிய நிறமாக இந்நிறத்தின் ஒரு சாயலை 2023 ஆம் ஆண்டு டிசம்பரிலே அறிவித்தது. ஆயின், ஓராண்டின் நிறம் அவ்வாண்டோடு போய்விடும், சுவர் போவதில்லை. எனவே, பிறர் விரும்புகின்றனர் என்பதற்காக அன்றி, இந்நிறம் சிறிய வீட்டிலே என்ன செய்யும், என்ன செய்யாது என்பதை அறிந்தே அதனைத் தெரிந்தெடுத்தல் வேண்டும்.

வானொலியிலே நிறத்தை எடுத்துக் காட்ட இயலாது. சொல்லாலேதான் தீட்ட வேண்டும். பீச்சுப் பழம் சீன நாட்டைத் தாயகமாகக் கொண்டது. பாரசீக வழியாக மேனாட்டை அடைந்தமையால், பாரசீகம் என்பதன் திரிபே அதற்கு அங்குப் பெயராயிற்று. யாழ்ப்பாணத்திலும் மட்டக்களப்பிலும் உள்ள நேயருட் பலர் அப்பழத்தை மரத்திலே கண்டிரார். ஆனால், விடியற்காலையில் முற்றத்திலே உதிர்ந்து கிடக்கும் பவளமல்லியை அறியாதார் யார்? அப்பூவின் காம்பிலுள்ள செம்மஞ்சளை எடுத்து, அதன் இதழிலுள்ள வெண்மையிலே நன்றாகக் கரைத்துவிட்டால் எஞ்சுவது எதுவோ, அதுவே பீச்சு நிறம். மாந்தளிரின் செம்மை முதிர்ந்து மங்கும் வேளையிலே தோன்றும் சாயலும் இதற்கு உறவானதே. வெண்மை மிகுதியாகவும், மஞ்சள் சிறிதாகவும், சிவப்பு அதனினும் சிறிதாகவும் கலந்த நிறம் என்று சுருங்கச் சொல்லலாம்.

இந்நிறம் அறையைப் பெரிதாக்கும் என்று கடைக்காரர் சொல்வதுண்டு. எந்த நிறமும் அறையை ஓர் அங்குலமேனும் பெரிதாக்காது. ஆயினும் அக்கூற்றிலே ஓர் உண்மை மறைந்திருக்கின்றது. அறை சிறிதாகத் தோன்றுவதற்குக் காரணம் அதன் அளவு மட்டுமன்று. அதன் மூலைகளிலே தேங்கி நிற்கும் இருளும் ஆகும். யன்னல் வழியே வரும் ஒளி ஒரு சுவரிற் பட்டு மறு சுவருக்குத் தெறிக்கின்றது. நல்ல வெள்ளைச் சுவர் தன்மேற் பட்ட ஒளியில் நூற்றுக்கு 80 பங்கிற்கு மேல் திருப்பி அனுப்பும். இளம் பீச்சு நிறச் சுவர் ஏறத்தாழ 60 முதல் 70 பங்கு வரை திருப்பி அனுப்பும். கருஞ்சிவப்பு, கடும்பச்சை போன்றவை 20 பங்கிற்கும் குறைவாகவே அனுப்பும். எனவே வெளிச்சம் ஒன்றே வேண்டுமாயின் வெள்ளையே சிறந்தது. ஆனால் வெள்ளை, சிறிய அறையிலே யன்னலுக்கு எதிரே கண்ணைக் கூசச் செய்வதும், மூலைகளிலே சாம்பலாகத் தோன்றுவதும் உண்டு. இளம் பீச்சு நிறம் சிறிதளவு ஒளியை விட்டுக்கொடுத்து, எஞ்சிய ஒளிக்கு வெப்பமான ஒரு சாயலைத் தருகின்றது. மூலையின் நிழல் கருமையாக நில்லாமல், அதே நிறத்தின் ஆழ்ந்த சாயலாக மாறிவிடுகின்றது. கூரையின் உட்புறத்தை வெள்ளையாக விட்டால், மேலிருந்தும் ஒளி இறங்கும். இதுவே அறை விரிந்தது போலத் தோன்றுவதன் இரகசியம்.

இங்கே ஓர் எச்சரிக்கை கூறவேண்டும். கடையிலே காட்டும் சிறு அட்டையிற் கண்ட நிறம், நான்கு சுவரிலும் ஏறியபின் மேலும் அழுத்தமாகத் தோன்றும். ஒரு சுவரின் நிறம் எதிர்ச்சுவரிலே படிந்து, அது மீண்டும் முதற் சுவரிலே படிவதே இதற்குக் காரணம். அறை எத்துணைச் சிறிதோ அத்துணைக்கு இந்த ஏற்றம் மிகும். ஆதலால், விரும்பிய சாயலிலும் ஒருபடி இளமையானதையே தெரிந்தெடுக்க வேண்டும். இரண்டடிச் சதுரமான அட்டையொன்றிலே நிறத்தைப் பூசி உலரவிட்டு, காலையிலும் நண்பகலிலும் விளக்கேற்றிய பின்னும் சுவரோடு சாய்த்துப் பார்ப்பது நன்று. ஈரத்திலே கண்ட நிறம் உலர்ந்தபின் வேறாகும் என்பதையும் மறத்தலாகாது.

ஒரே நிறம் எல்லா ஊரிலும் ஒரே வண்ணம் இராது. மலையகத்துத் தோட்டமொன்றிலே, பத்தடிக்குப் பன்னிரண்டடியான பழைய லயன் அறையையோ, அதற்குப் பதிலாக எழுந்த புதிய வீட்டையோ எடுத்துக்கொள்ளலாம். அங்கே மழையும் மூடுபனியும் மிகுதி. முகிலைக் கடந்து வரும் ஒளி நீலம் தோய்ந்தது. அவ்வொளியிலே வெள்ளைச் சுவர் குளிர்ந்து, வெளிறி, நோயாளியின் முகம் போலக் காணப்படும். பீச்சு நிறம் அங்கே தன் முழு நன்மையையும் தரும். சாம்பல் ஒளியின் குளிரை அது ஈடுசெய்யும்.

இனி வன்னியிலே ஒரு வீட்டை நோக்கலாம். முற்றம் செம்மண். பங்குனி சித்திரை வெயில் அம்மண்ணிற் பட்டு, சிவந்த ஒளியாக வாசலினூடே உள்ளே நுழைகின்றது. அங்கே சுவர் ஏதும் பூசாமலே பாதி பீச்சு நிறமாக இருக்கும். மலையகத்திற் பூசிய அதே சாயலை இங்கே பூசினால், பிற்பகலில் அறை அடுப்பின் உள்வாய் போலக் கனன்று தோன்றும். மேற்கே பார்த்த அறையாயின் இது இன்னும் மிகும். ஆதலின் வன்னியிலும் யாழ்ப்பாணத்துச் செம்பாட்டு நிலத்திலும், வெள்ளையிலே பீச்சு நிறத்தின் நினைவு மட்டும் இருந்தாற் போதும். கிழக்கு நோக்கிய அறைகளுக்கும், விறாந்தையின் நிழலிலே ஒதுங்கிய அறைகளுக்கும் சற்று அழுத்தமான சாயல் பொருந்தும்.

நிறத்திற்கு அயலாரும் உண்டு. பிரான்சு நாட்டு இரசாயன அறிஞர் செவ்ரோல், 1824 ஆம் ஆண்டிலே பாரிசு நகரின் கோபலான் நெசவுச்சாலையிற் சாயத் தொழிலுக்குத் தலைவராக நியமிக்கப்பெற்றார். அங்கே நெய்யப்பட்ட திரைகளிற் கறுப்பு நிறம் போதிய ஆழமின்றித் தோன்றுகின்றது என்று முறைப்பாடு வந்தது. செவ்ரோல் அந்தச் சாயத்தை ஆராய்ந்தார், அதிலே குற்றமில்லை. கறுப்பின் அருகே நெய்யப்பட்ட நீலமும் ஊதாவுமே அதனை வலுவிழக்கச் செய்தன என்று கண்டார். அருகருகே நிற்கும் நிறங்கள் ஒன்றையொன்று மாற்றிக் காட்டும் என்னும் இவ்வுண்மையை விரித்து அவர் 1839 ஆம் ஆண்டிலே பெருநூலொன்றை வெளியிட்டார்.

சிறிய வீட்டுக்கு இவ்வறிவு பெரிதும் பயன்படும். பீச்சு நிறச் சுவருக்கு முன்னே இளநீலமோ, நீலங்கலந்த இளம்பச்சையோ ஆன யன்னற் சீலையைத் தொங்கவிட்டால், சுவரும் சீலையும் ஒன்றையொன்று எடுத்துக்காட்டும். செம்மஞ்சள் சீலையைத் தொங்கவிட்டாலோ, சுவர் அழுக்கடைந்த வெள்ளை போல மங்கிவிடும். முதிரை, தேக்கு முதலிய மரங்களின் பழுப்பும், பனையோலைப் பெட்டியின் வைக்கோல் நிறமும் இந்நிறத்தோடு இயல்பாக ஒத்துப்போகும். பாட்டி காலத்து அலுமாரியை விற்றுப் புதியது வாங்க வேண்டியதில்லை. போத்தலொன்றிலே தண்ணீர் விட்டு வைத்த பச்சைக் கொடி, இச்சுவரின் முன்னே வாங்கிய அலங்காரப் பொருள் எதனினும் அழகாகத் திகழும். சிறிய அறையிலே நான்கு நிறங்கள் சண்டையிடுதல் ஆகாது. சுவருக்கு ஒன்று, கூரைக்கு வெள்ளை, சீலைக்கு ஒன்று என்று மூன்றோடு நிறுத்திக்கொள்வதே நலம்.

பகலிலே சூரியன் செய்வதை இரவிலே மின்குமிழ் செய்கின்றது. இக்காலத்து எல்.ஈ.டி. மின்குமிழ்களின் பெட்டியிலே கெல்வின் என்னும் அளவுடன் ஓர் எண் பொறிக்கப்பட்டிருக்கும். 2700 அல்லது 3000 என்றிருப்பின் ஒளி பழைய இழைக்குமிழ் போல மஞ்சளாயிருக்கும். 6500 என்றிருப்பின் முகில் மூடிய பகலைப் போல நீலம் தோய்ந்திருக்கும். பீச்சு நிறம் 6500 இன் கீழே சோகை பிடித்தது போல வெளிறும். 2700 இன் கீழே எண்ணியதற்கு மேலே சிவக்கும். 4000 அளவிலான குமிழ் இரண்டுக்கும் நடுவே நிற்கும். சுவரைப் பூசிவிட்டு நிறம் பிழைத்துவிட்டதே என்று வருந்துவோர், சுவரை மாற்றுமுன் குமிழை மாற்றிப் பார்ப்பது நன்று.

நிறத்திற்கு மருத்துவ வலிமையுண்டு என்று கூறுவோரும் உளர். 1979 ஆம் ஆண்டிலே அமெரிக்காவின் சியாட்டில் நகரக் கடற்படைத் தடுப்பு நிலையமொன்றில், ஓர் அறைக்கு இளஞ்சிவப்பு நிறம் பூசினர். அங்கே அடைக்கப்பட்டவரின் சினம் தணிந்தது என்று கூறப்பட்டது. அச்செய்தி உலகெங்கும் பரவிற்று. ஆயின், பின்னர் நடந்த கட்டுப்பாடான ஆய்வுகள் அதனை உறுதிப்படுத்தவில்லை. ஆகவே பீச்சு நிறம் பூசினால் வீட்டிலே சச்சரவு ஒழியும் என்று எவரும் நம்பவேண்டியதில்லை. கண் கூசாத ஒளியும் இருண்ட மூலையில்லாத அறையும் மனத்துக்கு இதமளிப்பன. நிறம் அதற்குத் துணைசெய்யும் அளவிலே நிற்கும்.

சுவர் இருந்தாற்றான் சித்திரம் எழுதலாம். நிறம் பூசுமுன் சுவரைக் கவனித்தல் வேண்டும். புதிதாகச் சீமெந்து பூசிய சுவர் குறைந்தது நான்கு கிழமை உலர வேண்டும். மாரிகாலமாயின் இன்னும் கூடுதலாக. அதற்குமுன் பூசினால், உள்ளிருக்கும் ஈரமும் காரமும் வெளியே வந்து நிறத்தை வெளிறச் செய்யும். உப்புப் பூத்துப் பூச்சும் செதில் செதிலாக உரியும். சுவரின் அடியிலே ஈரம் ஏறுமாயின், முதலிலே அதன் காரணத்தைத் தேடவேண்டும். கூரைநீர் சுவரோரம் விழுகின்றதா, நிலம் உயர்ந்து நிற்கின்றதா என்று பார்க்கவேண்டும். ஈரச் சுவரிலே பூசும் விலையுயர்ந்த பூச்சு, பூஞ்சணத்துக்கு இடும் போர்வையே ஆகும்.

பழைய வீட்டிலே வாழ்வோர் வேறோர் அபாயத்தையும் அறிந்திருத்தல் வேண்டும். முற்காலத்து எனாமல் பூச்சுக்களிலே, சிறப்பாக மஞ்சள், செம்மஞ்சள், சிவப்பு நிறங்களிலே, ஈயம் சேர்ந்த நிறப்பொருள்கள் கலக்கப்பட்டன. இலங்கையிலே பூச்சுக்களில் இருக்கத்தக்க ஈயத்தின் அளவுக்கு வரையறை விதித்த கட்டளை 2013 ஆம் ஆண்டு ஜனவரி முதல் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன்னே பூசப்பட்ட கதவுகளும் யன்னல்களும் இன்றும் பல வீடுகளில் உள்ளன. அவற்றை உலர்ந்தபடியே உரஞ்சினால் எழும் தூசு சிறுவர் உடலிற் சேர்ந்து, அவர்தம் மூளை வளர்ச்சிக்கே ஊறு செய்யும். ஈயத்துக்குத் தீங்கற்ற அளவு என்று ஒன்று அறியப்படவில்லை என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கூற்று. எனவே பழைய பூச்சை நனைத்தே உரஞ்ச வேண்டும். பிள்ளைகளையும் கருவுற்ற தாய்மாரையும் அவ்விடத்தினின்று அகற்றவேண்டும். தூசைக் கூட்டாமல் ஈரத்துணியால் துடைத்தெடுக்க வேண்டும். பீச்சு நிறம் வேண்டுமென்று பிள்ளையின் நலத்தை விலையாகக் கொடுத்தல் தகாது.

கடைப் பூச்சு வாங்க வசதியில்லாதார் மனந்தளர வேண்டியதில்லை. நீற்றிய சுண்ணாம்பை வடித்தெடுத்து அதிலே நீலம் கலந்து அடிப்பது கிராமத்து வழக்கம். நீலத்துக்குப் பதிலாக மஞ்சட் காவியும் செங்காவியும் சிறிதளவு சேர்த்தால், பீச்சு நிறத்துக்கு மிக அணித்தான ஒரு சாயல் கிடைக்கும். காவி என்பது இரும்பு சேர்ந்த மண். சுண்ணாம்பின் காரம் அதனை அழிப்பதில்லை. வெயிலும் எளிதில் வெளிறச் செய்வதில்லை. சீகிரிக் குன்றிலே ஐந்தாம் நூற்றாண்டிலே தீட்டப்பட்ட ஓவிய மங்கையர், இத்தகைய மண்ணிறங்களாலேயே ஆயிரத்தைந்நூறு ஆண்டுகளாகப் பொலிந்து நிற்கின்றனர். இக்கலவை ஈரமாயிருக்கும்போது அழுத்தமாகத் தோன்றி, உலர்ந்தபின் மிக இளகிவிடும். ஆகையால் மூலையொன்றிலே பூசிப் பார்த்து அளவை அறியவேண்டும். முழு வேலைக்கும் தேவையானதை ஒரே கொள்கலத்திலே கலந்துகொள்ள வேண்டும். இடையிலே மறுபடி கலந்தால் சாயல் ஒத்துவராது. சுண்ணாம்பு கண்ணைச் சுடும் என்பதையும் நினைவிற் கொள்க.

இவ்வளவும் நிறத்தின் செய்தி. இனி, அந்நிறத்தை எந்த அறைக்குப் பூசுவது என்னும் கேள்வி ஒன்று எஞ்சுகின்றது. சிறிய வீட்டிலே மிகக் கடினமான கேள்வி இதுவே.

வன்னியிலே ஒரு குடும்பத்தை மனக்கண்ணில் நிறுத்திப் பார்க்கலாம். மேசன் வேலை செய்யும் கணவர், அவர் மனைவி, சாதாரண தரப் பரீட்சைக்குப் படிக்கும் மகள், கண்ணிலே புரை படர்ந்த தாயார் ஆகிய நால்வர். சுவரெல்லாம் இன்னும் சீமெந்தின் சாம்பல் நிறத்திலேயே நிற்கின்றன. கையிலுள்ள பணத்துக்குப் பத்து லீற்றர்ப் பூச்சு மட்டுமே வாங்கலாம். முன் அறைக்கும் சமையலறைக்கும் சேர்த்து அது போதாது.

முன் அறைக்கே பூசவேண்டும் என்பது கணவரின் எண்ணம்.

“வீட்டுக்கு வாற ஆட்கள் முதலிலை பாக்கிறது முன் அறையைத்தானேயம்மா” என்கிறார் அவர்.

தாயார் சிறிது நேரம் பேசாதிருந்துவிட்டுச் சொல்கிறார்: “வாற ஆட்கள் அரை மணித்தியாலம் இருந்து தேத்தண்ணி குடிச்சிட்டுப் போயிடுவினம், மோனை. இவள் விடியத் தொடங்கினால் இரவு மட்டும் அடுப்படியிலைதான் நிக்கிறாள். பிள்ளையும் தாயோடை அங்கைதான் இருந்து படிக்குது. ஆருக்கு வெளிச்சம் வேணும் எண்டு நீயே யோசிச்சுப் பார்.”

இவ்வுரையாடல் ஒரு வீட்டுக்கு மட்டும் உரியதன்று. நாட்டிலே எத்தனையோ வீடுகளில், விருந்தினர் காணும் சுவர் நிறம் பெறுகின்றது. வீட்டார் வாழும் சுவர் புகை பெறுகின்றது. ஒரு நாளின் பெரும்பகுதியை ஒரு பெண் கழிக்கும் அறையே வீட்டின் இருண்ட அறையாகவும் கடைசியாகப் பூசப்படும் அறையாகவும் இருந்து வருகின்றது. இது பணக்குறையால் மட்டும் நேர்வதன்று. எந்த அறையிலே எவர் எத்தனை மணி நேரம் இருக்கின்றனர் என்று எவரும் எண்ணிப் பாராமையாலும் நேர்வது.

தொழிலறிந்த அக்கணவர் கணக்குப் பார்க்கின்றார். சமையலறை எட்டடிக்குப் பத்தடி. சுற்றளவு 36 அடி. சுவரின் உயரம் 9 அடி. பரப்பு 324 சதுர அடி. கதவுக்கு 21, யன்னலுக்கு 12 கழித்தால் எஞ்சுவது 291 சதுர அடி. இரு பூச்சுக்கு 582. ஒரு லீற்றர் ஒரு பூச்சாக 100 சதுர அடியை மூடும் என்று குறைத்தே கணக்கிட்டாலும், ஆறு லீற்றருக்குள் சமையலறை முடிந்துவிடும். எஞ்சும் நான்கு லீற்றரால் முன் அறையிலே 200 சதுர அடிக்கு இருமுறை பூசலாம். முன் அறை பத்தடிக்குப் பன்னிரண்டடி. யன்னலும் கதவும் இல்லாத இரண்டு சுவர்களின் பரப்பு 90 உம் 108 உம் சேர்ந்து 198 சதுர அடி. வெளியிலிருந்து வரும் ஒளி நேரே சென்று விழுவதும், வருபவர் கண் முதலிலே படுவதும் அவ்விரு சுவர்களிலேயே. மற்றைய இரண்டுக்கும் வெள்ளைச் சுண்ணாம்பு போதும். ஆக, பத்து லீற்றரிலே இரு அறைகளும் ஒளி பெற்றுவிடுகின்றன. எவரும் எதனையும் இழக்கவில்லை.

ஆனால் சமையலறைக்குப் பூசுமுன் ஒரு வேலை உண்டு. விறகடுப்பின் புகை வெளியேற வழியில்லாத அறையிலே, பீச்சு நிறம் ஓராண்டுக்குள் கறுத்துவிடும். சுவரைக் கறுக்கச் செய்யும் அதே புகைதான், அடுப்பின் முன் நிற்பவரின் நெஞ்சுக்குள்ளும் போகின்றது. ஆதலால் முதற் செலவு புகைபோக்கிக்கு. அடுத்த செலவே பூச்சுக்கு. அடுப்புக்கு அண்மையிலும் சுவரின் கீழ்ப்பகுதியிலும், கழுவக்கூடிய, சற்று மினுமினுப்பான பூச்சைப் பூசினால் எண்ணெய்க் கறையைத் துடைத்தெடுக்கலாம். மற்றைய இடங்களுக்கு மினுக்கமற்ற பூச்சே ஏற்றது. புரை படர்ந்த கண்களுக்கு மினுங்கும் சுவரின் பிரதிபலிப்புத் துன்பம் தருவது.

தாயாரை முன்னிட்டு மேலும் ஒரு சிறு செயலைச் செய்யலாம். முதுமையிலே கண்ணின் வில்லை மஞ்சளிக்க, இளஞ்சாயல்களுக்கிடையே உள்ள வேறுபாடு தெளிவாகப் புலப்படாது. சுவரும் கதவுநிலையும் ஒரே பீச்சு நிறமாயிருப்பின், நிலை எங்கே முடிகின்றது என்று அவர் கையால் தடவியே அறிய வேண்டியிருக்கும். கதவுநிலைக்கும் படியின் விளிம்புக்கும் கரும்பழுப்பு நிறம் பூசிவிட்டால், அவர் தடுமாறாமல் நடக்கலாம். இதற்கு வேண்டிய பூச்சு அரை லீற்றருக்கும் குறைவு. முதியோர் விழுந்து இடுப்பெலும்பு முறிவதோடு ஒப்பிட்டால், அச்செலவு ஒரு செலவாகுமா?

நேயர்களே, சிறிய வீட்டுக்குப் பீச்சு நிறம் ஏற்றதா என்று கேட்போருக்கு விடை இதுவே: ஏற்றதுதான், இளமையான சாயலாகவும், உலர்ந்த சுவரிலும், ஊரின் ஒளியறிந்தும் பூசப்படுமாயின். ஆயின், கடைக்குப் போகுமுன் வீட்டார் யாவரும் ஒரு மாலைப் பொழுதில் ஒன்றாக அமர்ந்து, ஒவ்வோர் அறையிலும் யார் யார் எத்தனை மணி நேரம் இருக்கின்றனர் என்று ஒரு தாளிலே எழுதிப் பார்ப்பாராக. எந்த அறையின் கூட்டுத்தொகை மிகுகின்றதோ, அந்த அறையின் சுவரிலே முதல் தூரிகை படட்டும். அது பெரும்பாலும் அடுப்படியாகவே இருக்கும். அங்கே புகை வெளியேறி, சுவர் வெளுத்து, இளஞ்செம்மஞ்சள் ஒளி பரவுமாயின், அரிசி களையும் தாய் கல்லையும் மணியையும் வேறுபிரித்துக் காண்பாள். அருகே பலகையில் அமர்ந்திருக்கும் மகள் கண்ணைச் சுருக்காமற் புத்தகம் படிப்பாள். முன் அறைக்கு வரும் விருந்தினர் இவற்றைக் காணாமலே போகலாம். அதனால் அவ்வீட்டுக்குக் குறைவொன்றுமில்லை.